கம்புக்கு இரண்டு முனை

ஞாயிறு, இரவு

ஆலங்காயம் மண்டபத்தில் இன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ரோடு இல்லாத எங்கள் ஊரிலிருந்து, பிரசவ வலி எடுத்தவர்களை கம்பில் கட்டிய டோலியில் மலையிறக்கி ஆம்புலன்ஸ்வரை கொண்டு சேர்த்ததற்கு மரியாதை. "தன்னந்தனியாகத் தோளில் சுமந்தவர்" என்று மைக்கில் வாசித்தார்கள். டோலியைத் தனி ஆள் தூக்க முடியாது. கம்புக்கு இரண்டு முனை உண்டு. பதினோரு வருடமாக முன்முனை வெள்ளையன் தோளில்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து அவனும் கைதட்டினான்.

நான் மைக்கைக் கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அதற்கும் முன்பே, இந்த மரியாதைக்குப் பெயர் எழுத வந்தவர் ஒரே ஒரு பெயர்தான் வேண்டும் என்றபோது, நான் யோசிக்காமல் என் பெயரைச் சொன்னேன். வெள்ளையனுக்கு அது தெரியுமா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் அவனிடம், "தப்பா படிச்சிட்டாங்க மச்சான்" என்றேன்.

"வுடு மச்சான். எந்தப் பேரா இருந்தா இன்னா" என்றான்.

பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறினோம். அவன் வழக்கம்போல முன்னால் நடந்தான். டோலி தூக்கும்போது பின்னால் வருபவனுக்குப் பாதை தெரியாது. முன்னால் போகிறவன்தான் கல்லையும் பள்ளத்தையும் சொல்லிக்கொண்டே போவான். இன்று ஓடை வந்ததும், திரும்பிப் பார்க்காமல், சுமையோடு போகும்போது சொல்லும் அதே குரலில் சொன்னான்.

"கல்லு வழுக்குது. பாத்து வா."

என் தோளில் சால்வை மட்டும்தான் இருந்தது.