பையில் விழுந்த பள்ளம்

இரும்புச் சட்டியில் கேழ்வரகு வறுபடுகிறது. லேசாகக் கருகிய அந்த மணம் சமையலறையைத் தாண்டிக் கூடம்வரை வந்து நிற்கிறது. இது சாப்பிடுவதற்கு இல்லை என்பது இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். நீ இல்லை.

நேற்றுக் காலை பீரோவைத் திறந்தபோது கீழ்த்தட்டிலிருந்து கேழ்வரகு சரசரவென்று என் பாதத்தில் கொட்டியது. கேழ்வரகு நிரப்பித் தைத்த உன் தோல்பையின் மூலையை எலி கடித்திருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். பாதி எடைகூட இல்லை. துப்பாக்கியின் அடிக்கட்டை சனிக்கிழமை தவறாமல் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் முதுகில் ஒரு பள்ளம் விழுந்திருந்ததே, நீ போன பிறகு நான் துடைக்கக்கூடப் பயந்த பள்ளம், அது போய்விட்டது. வெறும் தோல் துவண்டு தொங்கியது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க எதையாவது பிடித்தாக வேண்டும். என் கையில் அந்தத் தோல்தான் இருந்தது.

நாளை சனிக்கிழமை. கொட்டியதைச் சலித்து, மறுபடி வறுத்து, பையை நிரப்பித் தைத்துச் சுடுதளத்துக்கு எடுத்துப் போக வேண்டும். இல்லையென்றால் தோலை மடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும். மடித்துவிட்டால் இனி நான் அங்கே போகமாட்டேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவாவது தெரியும்.

அந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நான் சொல்வதில்லை. சித்தூர் தேவாலயத்தில் நாற்பது வருடம் நீ ஆர்கன் வாசித்தாய். உன் கை ஆடத் தொடங்கியதை முதலில் பார்த்தவள் நான். விருந்தில் காப்பித் தம்ளர் தட்டில் மோதிக் கிணுகிணுத்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். நடுக்குவாதம் என்று டாக்டர் பெயர் சொன்ன பிறகு விரல்களும் விறைக்கத் தொடங்கின. ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில் நீ சுரம் தவறினாய். அடுத்த மாதம் ஒரு பையன் கீபோர்டோடு வந்தான். சால்வை போட்டார்கள், ஜெபம் செய்தார்கள், நினைவாக இருக்கட்டும் என்று நீ உட்கார்ந்திருந்த ஸ்டூலை உனக்கே கொடுத்தார்கள்.

நீ அழுவாய் என்று நினைத்துத் திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வந்தேன். நீ கத்தரிக்கோலால் அந்த ஸ்டூலின் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாடி பண்ற?"

"நாப்பது வருசம் நான் உக்காந்த எடம். இனிமே இதும்மேல துப்பாக்கி உக்காரட்டும்."

புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். நீ உன் போனை என் மூக்கருகே நீட்டினாய். ஏதோ ஒரு நாட்டில் நரைத்த தலைப் பெண் ஒருத்தி மேஜை முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேஜைமேல் கிடத்திய துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"மேசைடி, லீடரு! துப்பாக்கிய கைல தூக்க வேணாம். முன்னால ஒரு தாங்கி, பின்னால ஒரு பை. கை ஆடினாலும் அது ஆடாது."

பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புத் தலைவியாக இருந்ததை நீ மன்னித்ததே இல்லை. கடைசிவரை லீடர்தான். பாவாடை மடிப்பை ஸ்கேல் வைத்து அளந்த கான்வென்ட் சிஸ்டரிடம் வளர்ந்தவள் நான். இந்த வயதில் துப்பாக்கியா, நாலு பேர் சிரிப்பார்கள் என்றேன். நீ போனைக் கீழே வைத்தாய். உன் கை மடியில் கிடந்து, யாரோ மாத்திரை உருட்டுவதுபோல, தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிச் சொன்னாய்.

"சிரிக்கட்டும். இந்தக் கை நான் சொல்ற பேச்ச ஒரு தடவ கேக்கணும். ஒரே தடவடி. அப்புறம் எக்கேடு கெட்டாலும் போவட்டும்."

அடுத்த சனிக்கிழமை நான் உன்னோடு ஆட்டோ ஏறினேன்.

திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய அந்தச் சுடுதளம் உனக்கு நினைவிருக்கும். தகரக் கூரை, வரிசையாகப் பலகைத் தடுப்பு. நடத்தியவர் விஜயபுரம் பக்கத்துக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நம்மைப் பார்த்ததும், "பேரப்பிள்ளைங்க எங்கம்மா, பின்னால வராங்களா?" என்று கேட்டார்.

"நாங்கதான் புள்ளைங்க," என்றாய்.

காற்றழுத்தத்தில் சுடும், லைசென்ஸ் கேட்காத துப்பாக்கி ஒன்றை நமக்குக் கொடுத்தார். மிளகு அளவு ஈயக் குண்டு. தூரத்தில் ஓர் அட்டை, அதில் வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு குண்டு. பார்க்க எளிதாகத்தான் இருந்தது. முதல் நாள் நான் துப்பாக்கியைத் தோளில் இறுக்கி, கன்னத்தை அழுத்தி, மூச்சடக்கிச் சுட்டேன். எந்த வட்டத்திலும் விழவில்லை.

"அது கன்னுக்குட்டி இல்லம்மா, கட்டிப் புடிச்சிக்கினு கீறீங்க," என்றார் சுபேதார். "அத அதும்பாட்டுக்கு வுடுங்க. சும்மா தொட்டா போதும்."

பிடிக்காமல் எப்படிப் பிடிப்பது? அன்று முழுக்க எனக்கு எரிச்சல். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

ஸ்டூல் தோலில் தைத்த பைக்குள் சுபேதார் மணல் போடச் சொன்னார். ஆற்று மணலில் ஈரமும் குப்பையும் இருக்கிறது, கேழ்வரகுதான் ஒரே அளவாக உருளும், பத்து வருடம் கிடந்தாலும் பூச்சி விழாது என்று நீ வாதாடினாய். ஈரமில்லாமல் வறுத்துப் போட வேண்டும் என்றேன் நான். வறுத்தோம், நிரப்பினோம், நான் இரட்டைத் தையல் போட்டேன். சுபேதார் பையை மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, கேவுரு? துன்றதுக்கா, சுடறதுக்கா? எலி வரும்மா."

"சங்கடி கிண்டி எடுத்தாரேன் இருங்க," என்றாய், களி துழாவுவதுபோல் கையைச் சுழற்றி. அவர் சொன்னதை நாம் கேட்கவில்லை. இப்போது எலி வந்துவிட்டது.

துப்பாக்கி ஆடவில்லை. நீ சொன்னது சரி. ஆனால் விசையை இழுக்க விரல் வேண்டுமே. உன் விரல் வெடுக்கென்று இழுத்தது. குண்டுகள் அட்டையெங்கும் போயின. இரண்டு மாதம் அப்படித்தான். ஒருநாள் திரும்பி வருகிற ஆட்டோவில் சொன்னாய்: "இதுவும் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்லடி."

அந்த வாரமோ அடுத்த வாரமோ, என் வீட்டில் அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தோம். உன் கை மடியில் ஆடியது. காயை எடுத்து முனையைக் கிள்ளிய அந்த ஒரு நொடி ஆடவில்லை. இன்னொரு காய். கிள்ளும்போது ஆடவில்லை. நான் கத்தியைக் கீழே போட்டேன்.

"இழுக்காத. கிள்ளு. கட்டவெரல பின்னால குடுத்து அவரைக்கா கிள்ற மாதிரி கிள்ளு."

கிள்ளினாய். அப்புறம் இடது கை. பையை மெல்லப் பிசைந்தால் துப்பாக்கியின் பின்பக்கம் மயிரிழை ஏறும், குறி வட்டத்தின் நடுவுக்கு இறங்கும். அங்கேயே பிசைந்தபடி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உன் கைக்குள் நடுக்கம் திரும்பி வந்துவிடும். பழகுகிற நாள்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் உன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, உன் கையை எடுத்துவிட்டு என் கையை வைத்தேன். நீ துப்பாக்கிமேல் இருந்த குறிபார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்ப்பாய். "ஏறு... இன்னும் ஒரு சிட்டிகை... ஆங்." பிறகு ஆர்கனில் முதல் சுரம் எடுப்பதற்கு முன்னால் தொண்டைக்குள் ஒலிப்பாயே, அதே "ம்". அந்த ஒலிக்கு நான் கையைக் கல்லாக்குவேன். நீ கிள்ளுவாய்.

ஒரு சனிக்கிழமை ஒரே வட்டத்தில் ஐந்து குண்டு போட்டுப் பார்ப்போம் என்றாய். சுபேதார் அட்டையை எடுத்து வந்தார். ஒரே ஓட்டை. ஒரு புளியங்கொட்டையை வைத்தால் மறைந்துவிடும்.

"மீதி நாலு எங்க போச்சு?" என்றாய்.

"எங்கியும் போவல. அஞ்சும் அதுலதான் போயிக்கீதும்மா."

உன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாய். அவை ஆடிக்கொண்டிருந்தன. "இதுங்கதான்டி. இதுங்கதான் போட்டுச்சு," என்றாய். அன்று அந்தத் தகரக் கூரையின் கீழ் உன் முகம் இருந்த மாதிரி நான் நம் பள்ளிக்கூட நாள்களில்கூடப் பார்த்ததில்லை.

அதோடு நின்றிருக்கலாம். நீ நிற்கிறவளா? கிளப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாய். போட்டியில் இன்னொருவர் கை படக்கூடாது. நான் உன் பக்கத்தில் வரப் பார்த்தேன். "கைய எடு. ரூல்ஸு ரூல்ஸுதான்னு நீதான சொல்வ," என்று கோட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டாய். அங்கே நின்று உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டைத் துப்பாக்கிக்குள் திணிக்கவே உன் விரல்கள் வளையவில்லை. ஒன்று விழுந்தது. குனியாமல் இன்னொன்றை எடுத்தாய், அதுவும் விழுந்தது. ஈயக் குண்டுகள் சிமெண்டுத் தரையில் உருளும் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. நேரம் முடிந்து மணி அடித்தபோது உன் அட்டையில் பாதி வட்டங்கள் வெள்ளையாகவே இருந்தன. மதிப்பெண் பலகையில் உன் பெயர் கடைசி.

"கடைசின்னா இன்னா? பலகைல கீறேன் இல்ல," என்று சுபேதாரைச் சிரிக்கவைத்தாய்.

பஸ் நிலையத்தில், சித்தூர் வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் கேட்டாய். என்னைப் பார்க்காமல், எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு.

"அன்னிக்கு அந்த அஞ்சு குண்டு போட்டது யார் கைடி? என்னுதா, உன்னுதா?"

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாத. ஆறுதலுக்கு எதையாச்சும் சொல்லிடுவ. உனக்குத் தெரியும்போது சொல்லு."

எனக்கு அன்று உண்மையாகவே தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வண்டி வந்தது, நீ ஏறினாய், நான் கையசைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் நீ குளியலறையில் விழுந்தாய். படுக்கை, பிறகு நெஞ்சில் சளி, பிறகு ஆஸ்பத்திரி. பேச்சு நின்ற பிறகும் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போர்வைமேல் உன் வலது கை ஆடிக்கொண்டே இருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, உன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் என் விரலை வைத்தேன். கிள்ளினாய். ஆடாமல், நேராக, ஒரு கிள்ளு. நர்ஸம்மா ஊசி போட வந்ததால் எழுந்து நகர்ந்தேன். விடியும்போது நீ இல்லை.

உன் அடக்கம் முடிந்த பிறகு நான் ஒரே ஒரு முறை அங்கே போனேன். இதை உனக்கு இன்னும் சொல்லவில்லை. உன் பையை வைத்தேன், துப்பாக்கி அந்தப் பள்ளத்தில் போய்ப் பழகியதுபோல உட்கார்ந்தது. பையைப் பிசைந்தேன். குறி வட்டத்தின் நடுவில் வந்து நின்றது, என் கை வழக்கம்போல் கல்லாகவே இருந்தது. "ம்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே விசையை இழுத்தேன். திரும்பத் திரும்ப இழுத்தேன். சுபேதார் அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுக்கத் தயங்கினார். கொத்தமல்லி தூவியதுபோல் எங்கெங்கோ ஓட்டைகள், வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை.

"மொத நாள்னா அப்டித்தாம்மா இருக்கும்," என்றார்.

எனக்கு அது முதல் நாள் இல்லை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வந்தவள். ஆனால் அவர் சொன்னது சரி. துப்பாக்கி சுடுவதில் எனக்குத் தெரிந்தது பாதிதான். மற்ற பாதியை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

பஸ் நிலையத்தில் நீ கேட்டதற்குப் பதில் அந்த அட்டையில் இருந்தது. குறி நிற்பதற்கு என் கை போதும், குண்டு போய்ச் சேருவதற்கு அது போதவில்லை. அது உன் கைடி. அந்த ஐந்தும் உன் கை போட்டது. ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்கிறேன். சித்தூர் பஸ் எப்போதோ போய்விட்டது. நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? பையைக் கொண்டுவந்து பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு எலிதான் திறந்தது.

கேழ்வரகு ஆறிவிட்டது. பழையதைத்தான் வறுத்தேன், கடையில் புதிது வாங்க மனம் வரவில்லை. எலி தின்றது போகக் குறைகிறது, குறைந்தால் பை நிற்காது. என் டப்பாவில் இருந்த கேழ்வரகில் இரண்டு கைப்பிடி சேர்த்துக் கலந்துவிட்டேன். இனி எது உன்னுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியாது. கிழிந்த மூலையில் என் பழைய கைப்பையின் தோலை ஒட்டுப்போட்டு இரட்டைத் தையல் போட்டாயிற்று. சிஸ்டர் அளந்து பார்த்தாலும் கோணல் இருக்காது.

சமையல் மேஜைமேல் வைத்திருக்கிறேன். முதுகு உப்பலாக, புதிதாக இருக்கிறது. பள்ளம் இல்லை. இடது கையால் பிசைந்து பார்க்கிறேன். வலது கையில் ஓர் அவரைக்காய். நீ எடுக்கிற சுரம் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லி என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்களே. வீட்டில் யாருமில்லை. கதவைச் சாத்திவிட்டு, தொண்டைக்குள் எடுத்துப் பார்க்கிறேன்.

ம்.

கிள்ளுகிறேன். காயின் முனை சரியாக உடையவில்லை, நாரோடு தொங்குகிறது. கூடையில் இன்னும் காய் இருக்கிறது.