ஷாமிலா அக்காவின் பெருவிரல்

அக்காவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவில் எல்லாரும் உன் ஆமி உடுப்பைப் பார்த்தார்கள். நான் முதலில் பார்த்தது துவக்கைப் பிடித்திருக்கும் உன் வலது கைப் பெருவிரலை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் அம்மா சொல்வதை எழுத வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் விடாமல் எழுதுடி பிரேமினி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் இங்கே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே அப்படி இருக்க முனியாண்டி சாமி பார்த்துக்கொள்ளட்டும். சுகமா என்று அம்மா கேட்க மாட்டாராம், சொல்லாமல் போனவளிடம் சுகம் விசாரிக்க என்ன இருக்கிறது என்கிறார். தையல் பழகப் போறேன்னு ஹட்டன் பஸ்ஸில ஏறினவ எந்த ஊர்ல துவக்கு தைக்கிறான்னு கேட்டு எழுது என்கிறார். மழை விடவில்லை, கூரைத் தகரம் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, அம்மாவின் முழங்கால் வீக்கம் குறையவில்லை, படி இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். நீ இரண்டு தடவை சுடும் பரீட்சையில் தவறிவிட்டாய், இருபதாம் திகதி கடைசித் தடவை, அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதை நான் சத்தமாக வாசித்ததுதான் பிழை. லயத்து வரிசை வீட்டில் நம் சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னையா மாமா காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னால், என்ன ஜெயலெட்சுமி, ஒன் மக நாட்டைக் காப்பாத்தப் போயி ஒரு அட்டையில ஓட்டை போட முடியாம நிக்கிறாளாமே, இங்க அனுப்பு, கூடையில ஓட்டை போடாம கொழுந்து எடுக்கட்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாராம், சிரிக்காமல் என்ன செய்ய என்கிறார். அதனால் உனக்கு அம்மா சொல்வது இதுதான். போன வெள்ளிக்கிழமை கோயிலில் நீ தவற வேண்டும் என்று தேங்காய் உடைத்திருக்கிறார். ரெண்டு தடவை தோத்தவளுக்கு மூணாந்தடவை தோக்க என்ன கஷ்டம், தோத்துட்டு வா, வந்து கூடையைக் கட்டு. ஈரக் காலோடு படுக்காதே, அங்கே கொடுக்கும் குளிர்ந்த சோற்றைத் தின்றுவிட்டு உடனே ஓடாதே, தலை துவட்டாமல் தொப்பி போடாதே. எங்கே இருந்தாலும் நல்லா இரு, ஆனால் வீட்டுக்கு வந்து நல்லா இரு. வரும்போது நீ எடுத்துக்கொண்டு போன நீலச் சுவெட்டரை விட்டுவிட்டு வராதே, அது அம்மாவுடையது.

இப்படிக்கு, உன்னைப் பெற்ற பாவத்துக்கு,
ஜெயலெட்சுமி

அம்மா கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இனி எழுதுவது நான். நான் வாய் திறக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். திறக்காத வாய்தானே என்று நினைத்துத்தான் என்னிடமும் சொல்லாமல் போனாய். நீ போன அடுத்த வாரம் அம்மாவின் கால் வீங்கியது, நம் வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலை மரங்களில் கொழுந்து முற்றுகிறது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வாசலில் வந்து சத்தம் போட்டார். நான் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழுவி மேலே வைத்துவிட்டு நீ மலைக்குக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டேன். எட்டு மாதமாகிறது. அட்டை கடித்த தழும்பை நான் எண்ணுவதில்லை. நீ தவறி வந்தால் கூடையை உன்னிடம் தந்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போகலாம், அடுத்த தவணைக்குள் வந்தால் தரம் பத்தில் சேர்த்துக்கொள்வதாக அதிபர் சொல்லியிருக்கிறார். அதனால் அம்மா தேங்காய் உடைத்தபோது நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன், மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் உன் போட்டோ வந்தது. சுடப் பழக்கும் மேடம் தோளை இறுக்கு என்கிறார், மூச்சைப் பிடி என்கிறார், எல்லாம் செய்தும் துவக்கு ரவைகள் அட்டையில் கீழே ஒரே பக்கம் போய் விழுகின்றன என்று எழுதியிருந்தாய். நீ சுடவில்லை அக்கா, கிள்ளுகிறாய். துவக்கைப் பிடிக்க வேண்டிய பெருவிரல் விசைக்கு நேரே வந்து ஆள்காட்டி விரலோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. காம்பை நடுவில் வைத்து வெடுக்கென்று ஒடிக்கிற அதே பிடி. ஏழு வருடம் கொழுந்து எடுத்த விரல் வேறு என்ன செய்யும். மேடம் எந்த மலையிலும் கூடை கட்டியிருக்க மாட்டார், அவருக்கு அது கண்ணில் படாது. எனக்குப் பட்டது, ஏனென்றால் இப்போது என் விரலும் அப்படித்தான் போகிறது, சோற்று உருண்டையைக்கூடக் கிள்ளித்தான் எடுக்கிறேன்.

நேற்று வேலை விட்டு வந்து அம்மாவின் பழைய குடையை மடக்கித் துவக்கு மாதிரித் தோளில் வைத்துப் பார்த்தேன். கம்பி நுனியில் ஒரு சட்டைப் பித்தானை வைத்தேன். பிடிக்குப் பக்கத்தில் குடையை விடுவிக்க அமுக்கும் கம்பியை, கொழுந்து எடுக்கிற மாதிரிக் கிள்ளினேன், பித்தான் விழுந்தது, ஒவ்வொரு தடவையும் விழுந்தது. பிறகு பெருவிரலை அந்தப் பக்கமாகச் சுற்றிப் படுக்க வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் நுனிச் சதையால் மட்டும் மெதுவாக இழுத்தேன். விழவில்லை. நீயும் அப்படிச் செய். மூச்சைப் பாதி வெளியே விட்டுவிட்டு நிறுத்து. விசையை நேராகப் பின்னால் கொண்டு வா, எந்த நொடியில் வெடிக்கும் என்று உனக்கே தெரியக் கூடாது, தெரிந்தால் கை முந்திக்கொண்டு கிள்ளிவிடும். மேடத்திடம் கேட்டு, ரவை இல்லாத துவக்கின் முனையில் பித்தானை வைத்துப் பழகு. இருபது தடவை விழாமல் இழுத்த பிறகு எழுந்திரு. கேட்க வெட்கப்படாதே, இந்த வீட்டில் வெட்கம் என் பங்கு.

உன் மேல் பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ பாஸாக வேண்டும் என்று எனக்கு இப்போதும் ஆசை இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு சொல்லாமல் விட்டால், நீ தவறியது நான் செய்த வேலையாகிவிடும். உன் கூடையைச் சுமக்கிறேன், உன் மரங்களைப் பார்க்கிறேன், அந்தப் பழியையும் என்னால் சுமக்க முடியாது. பாஸானால் எனக்கு எழுதாதே, அம்மாவுக்கு எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இன்று காலையில் அம்மா வாசித்துக் காட்டச் சொன்னார். அவருடைய கையெழுத்து வரைக்கும் வாசித்தேன், போட்டோவைப் பற்றிய முதல் வரிகளை விட்டுவிட்டேன். தோட்டத்துக் கந்தோரில் கொடுத்தால் மேசையில் கிடக்கும், இருபதாம் திகதிக்கு முன் உன் கைக்கு வராது. அதனால் இன்று பெரட்டுக்குப் போகாமல் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். இந்தக் கடைசி வரிகளைத் தபால் கந்தோர் வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலில் இருக்கும் சிங்கள நோனாவிடம் எப்படிக் கேட்பது என்று வரிசையில் இரண்டு பேரை முன்னால் போக விட்டேன். பிறகு சிங்களத்தில் கேட்டேன், பதிவுத் தபாலில் போட்டால் எத்தனை நாளில் போகும் என்று. மூன்று நாள் என்றார், இருபதாம் திகதிக்கு முன் வந்துவிடும். பசை வாங்கி உறையை ஒட்டப் போகிறேன்.

பிரேமினி