கார்டு அவங்க பேர்ல

செப்டம்பர் 8, திங்கள்

ரேணிகுண்டா விமான நிலையத்தில் கார் வாடகைக்குத் தரும் கம்பெனியின் விதிகளை அச்செடுத்து வந்தேன். நான்கு பக்கம். மூன்று முறை படித்தேன்.

மகள் ஷோபா தசரா லீவுக்கு விசாகப்பட்டினத்திலிருந்து வருகிறாள். இருபத்தைந்தாம் தேதி. விமானத்தை விட்டு இறங்கியதும் நேராக ஏற்காடு போக வேண்டுமாம். சித்தூர் வீட்டுக்கு வர மாட்டாளாம். "அம்மா இல்லாத அந்த வீட்டுல என்னால ஒரு நாள்கூட இருக்க முடியாது நைனா." ஜனவரியில் அடக்கத்துக்கு வந்தபோதும் மாமா வீட்டில்தான் தங்கினாள்.

டிரைவரோடு டாக்சி சொல்லலாமா என்று கேட்டேன். "மூணாவது ஆளை முன்னாடி உக்கார வெச்சிக்கினு நாம என்னத்த பேசறது?"

என்ன பேசப் போகிறாள்? எனக்குப் பேச ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

செப்டம்பர் 9

டெபிட் கார்டு, யுபிஐ, ரொக்கம் செல்லாது. யார் பெயரில் கார் எடுக்கிறோமோ அவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும். முன்பதிவு செய்த அதே கார்டை நேரில் காட்ட வேண்டும். காப்புத்தொகை பதினைந்தாயிரம் அதில் நிறுத்தி வைப்பார்கள்.

ஷோபாவிடம் டெபிட் கார்டுதான். என்னிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது. அசரியா என்று என் பெயர் போட்டது. லைசென்ஸ் 2027 வரை செல்லும். என் பெயரில் எடுக்கலாம், ஷோபா இரண்டாவது டிரைவர். இதற்கும் விதியில் இடம் இருக்கிறது. ஒன்பதாம் பத்தி.

செப்டம்பர் 10

பதிவு செய்தேன். என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிபி வரவில்லை. அலமாரிக்குள் சத்தம். இறந்துபோன என் மனைவியின் போன்.

"டியர் கிருபாவதி" என்று இருந்தது. ஆறு எண்கள். தட்டினேன். புக்கிங் உறுதி என்று வந்தது.

அந்தப் போனுக்கு நான் இன்னும் சார்ஜ் போடுகிறேன். ரீசார்ஜும் செய்கிறேன். ஏன்? தெரியவில்லை. செவ்வாய்தோறும் போடுகிறேன்.

செப்டம்பர் 12

காலை பதினொன்றேகாலுக்கு அவள் போன் அடித்தது. எடுத்திருக்கக் கூடாது.

கார்டு கம்பெனிக்காரி. நல்ல தமிழ். ரொம்ப நாளாக உபயோகிக்காத கார்டில் பெரிய தொகை போயிருக்கிறது, கிருபாவதி மேடத்திடம் உறுதி செய்ய வேண்டும் என்றாள். நான் அவர் கணவன், என் பெயரும் கார்டில் இருக்கிறது என்றேன். "அது கூடுதல் கார்டு சார். கார்டு அவங்க பேர்ல. அவங்கதான் பேசணும். இருக்காங்களா?"

இல்லை என்றேன்.

"எப்ப வருவாங்க?"

நாளைக்கு என்றேன்.

நானா சொன்னேன்? நான்தான். சர்வே ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் ஒரு அளவைத் தப்பாகக் குறித்தவன் இல்லை. யாரும் அடித்துக் கேட்கவில்லையே. மரியாதையாகத்தான் கேட்டாள்.

செப்டம்பர் 13

அடித்தது. எடுக்கவில்லை. நான்கு முறை.

செப்டம்பர் 15, திங்கள்

பேங்க் திறக்கும்போதே போய்விட்டேன். கவுண்டரில் மஞ்சு என்ற பெண். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பொய்யையும் சொன்னேன்.

"சார், அம்மா நர்ஸா இருந்தப்போ அவங்க சம்பளத்த வெச்சி குடுத்த கார்டு இது. உங்களுது அதோட ஒட்டிக்கினு இருக்கறது. அவங்க இல்லேன்னா ரெண்டும் இல்ல. ஜனவரிலயே சொல்லி இருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களா வந்து சொன்னீங்க. ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க" என்றாள்.

கார் புக்கிங் என்று இழுத்தேன். அது ரத்தாகிவிடுமாம். பிக்சட் டெபாசிட்டை ஈடு வைத்து என் பெயரில் புதிய கார்டு எடுக்கலாம். மூன்று வாரம் ஆகும். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

இப்போது எழுந்து வந்துவிட்டால் கார் கிடைக்கும். அது தெரிந்தேதான் படிவத்தை வாங்கினேன். இறந்த தேதி என்று ஒரு கட்டம். 19-01-2025. எழுதினேன். மஞ்சு கார்டை வெட்டி, துண்டுகளை என்னிடமே கொடுத்தாள்.

செப்டம்பர் 18

ஷோபா பேசினாள். ஏற்காட்டில் ரூம் போட்டுவிட்டாளாம். கார் ரத்தானதை நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 24

சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

பஸ்ஸில் ரேணிகுண்டா. அவள் வெளியே வந்து பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"கார்டே இல்லாம கார் எடுக்க வந்துக்கினு இருக்கீங்களா நைனா?"

அவளே கவுண்டருக்குப் போய் டெபிட் கார்டை நீட்டினாள். அங்கிருந்த உதயா என்ற பெண் பாவமாகப் பார்த்தாள். "ரூல் இல்ல மேடம். உங்களுக்குப் பண்ணா என் வேலை போய்டும்."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். நடந்தது எல்லாம் கேட்டாள். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"நாளைக்கு வருவாங்கன்னா சொன்னீங்க?"

ஆமாம்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்சிக்காரனிடம் அவள்தான் சித்தூர் என்றாள். நான் சொல்லவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "நீங்க மொதல்ல போய் ஜன்னல் எல்லாம் தெறங்க. வர்றேன்." ஏழு ஜன்னல். திறந்துவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் இருந்தாள்.

செப்டம்பர் 26

ரூமை ரத்து செய்துவிட்டாள். காலையில் உப்புமா கிளறினாள். "என்னத்த துன்னுக்கினு இருந்தீங்க இத்தினி நாளா? டப்பா எல்லாம் காலி." பிரெட் என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சர்ச்சுக்கு இருவரும். பிறகு கல்லறை.

அக்டோபர் 1

மதியம் முழுக்க அவள் பேசினாள். அம்மாவைப் பற்றி, அம்மாவின் கடைசி வாரத்தில் நான் ஏன் அவளை முன்னமே கூப்பிடவில்லை என்பதைப் பற்றி. கோபமாகத்தான். பதில் சொல்ல முயன்றேன். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். "நீங்க யாரத்தான் தொந்தரவு பண்ணி இருக்கீங்க" என்றாள். அது திட்டா? இன்னும் யோசிக்கிறேன்.

அக்டோபர் 2

ஷோபாவை ரேணிகுண்டாவில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஜன்னல்களைச் சாத்தப் போனேன். சாத்தவில்லை.

அக்டோபர் 11, சனி

காலையில் பேசினாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். கார் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "எங்கியும் போவ வேணாம். வாசக் கதவுக்கு எனக்கு ஒரு சாவி போட்டு வையுங்க."

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் போட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே நின்று, புதுச் சாவியால் திறந்து பார்த்தேன். மறுபடியும் பூட்டித் திறந்தேன். திறக்கிறது.