கரையோர வீதி, ஏழாம் தாள்

நானா,

இன்று காலை அலுவலகத்துக்கு எதிரே தார் காய்ச்சினார்கள். வாசம் வந்ததும் எழுந்து யன்னலைச் சாத்தினேன். துறைமுக இராணுவ முகாமின் வாசல்வரை கனரக வாகனங்கள் போய்வர ஒரு துண்டு வீதி போடுகிறார்கள். அதற்கு அப்பால் ஓர் அடிகூட இல்லை. நீங்கள் இல்லாத இரண்டாவது மாரி இது. உங்கள் நில அளவையாளர் கதிரைக்கு யாரையும் நியமிக்கவில்லை. அளக்க வீதி எதுவும் இல்லையே.

மூதூரிலிருந்து இலங்கைத்துறை வழியாகத் தெற்கே போகவேண்டிய கரையோர வீதியை நீங்கள் அளந்தீர்கள். நான் வரைந்தேன். உங்கள் வீட்டார் அண்ணனை அழைப்பதுபோல நானும் உங்களை நானா என்றேன். வழியில் ஆறுகளுக்குப் பாலம் இல்லை. ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் நாங்கள் ‘பாதை’ என்போம். பாதை ஓடாத நாளில் ஊர் அப்படியே நின்றுவிடும். உங்கள் மனைவி பிள்ளைப்பேற்று வலியோடு கரையில் காத்திருந்தது அப்படியொரு நாளில்தான். இராணுவத்தின் சுற்றிவளைப்பு முடிந்து பாதை ஓடத் தொடங்கியபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இதை நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. உங்கள் அக்கா, ராத்தாதான் சொன்னார்.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் வீதிக்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கும் என்றார்கள். நாளொன்றுக்கு எத்தனை வாகனம் போகிறது என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. வெயிலில் நின்று எண்ணிவிட்டு வந்து மேசையில் சாய்ந்தீர்கள்.

“வாகனம் இல்லாட்டி காசு தரமாட்டாங்களாம். ரோட்டு இல்லாம வாகனம் எங்கால வாற, தங்கச்சி?”

“கொஞ்சம் கூட்டிப் போடுங்களன் நானா. ஆர் வந்து பாக்கப்போகினம்?”

“ஏலா. பொய்யை வெச்சுப் போட்ட ரோட்டில எனக்கு நடக்க ஏலா.”

உண்மையான எண்ணிக்கையையே எழுதினீர்கள். ஆனால் கூடவே இன்னொரு தாளை இணைத்தீர்கள். பாதைக்காகக் கரையில் காத்திருந்தவர்களின் பட்டியல் அது: நோயாளிகள், கர்ப்பிணிகள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், ஐஸ் கரையக் கரைய மீன் பெட்டியோடு நின்றவர்கள். கடன் கொடுப்போர் சார்பில் வந்த வெள்ளைக்காரப் பெண் அதை வாசித்துவிட்டு, அந்த ஆற்றுத் துறைக்கே தன்னைக் கூட்டிப்போகச் சொன்னார். பணம் கிடைத்தது. அன்று கிண்ணியாத் தயிர்ச்சட்டியோடு வந்து, காவலாளிவரை எல்லாருக்கும் நீங்களே பரிமாறினீர்கள். உங்களை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

வீதிக்கான மண் அணை உயர்ந்துகொண்டிருந்தபோது மறுபடி சண்டை தொடங்கியது. ஒரே வாரத்தில் ஒப்பந்தகாரர் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போனார். நிலைமை சீராகும்வரை நிதி நிறுத்தம் என்று கடிதம் வந்தது. மதகு கட்டாமல் விட்ட அணை வெள்ளம் ஓடும் வழியை மறித்துக்கொண்டு நின்றது. மாரி வந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஊர் மூழ்கும். மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தீர்கள். பதில் இல்லை.

முதல் மழை பெய்த அன்று என் மேசைக்கு வந்தீர்கள்.

“ஏழாம் தாளைத் தாங்க தங்கச்சி. எங்க வெட்டினா தண்ணி கடலுக்குப் போகும் எண்டு அதிலதான் இருக்கு.”

“சீல் இல்லாமல் வரைபடம் கொண்டுபோக ஏலாது நானா. பொறியியலாளர் கொழும்பில நிக்கிறார்.”

“மழை சீலுக்குப் பாத்து நிக்குமா?”

நான் அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தேன்.

மறுநாள் உங்களோடு போன தொழிலாளி சிவராசா தனியாக வந்தார். அணையை வெட்டியாயிற்று, வெள்ளம் கடலுக்குப் போய்விட்டது என்றார். திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் வரிசை நின்றதாம். நீங்கள் முகத்தைத் திருப்பி, எதையோ வாயில் போட்டு மென்றீர்களாம். வெற்றிலை என்று அவர் நினைத்தாராம். கையிலிருந்த தாளைக் கண்டதும் உங்களை மட்டும் மறித்துக் கொண்டுபோனார்களாம்.

ராத்தாவும் நானும் உங்களைக் கேட்டு இராணுவ முகாமுக்குப் போனோம். அதிகாரி ஏழாம் தாளை மேசையில் விரித்தார். ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் அலுவலகத்தின் பெயரும் வரைந்தவர் பெயரும் எழுதும் கட்டம் இருக்குமே, அந்த மூலை அங்கே இல்லை. கிழிந்திருந்தது.

“பேரும் இல்லை, சீலும் இல்லை. இது ஆர் கீறினது?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

ஒவ்வொரு கோடும் என் கோடு. நான்தான் கீறினேன், இது வீதி வேலைக்கான தாள் என்று சொல்லியிருந்தால் உங்களை விட்டிருக்கலாம். என்னையும் பிடித்து வைத்திருக்கலாம். நீங்கள் மென்று விழுங்கியது எதை என்று அப்போதுதான் விளங்கியது.

“தெரியாது,” என்றேன்.

அதன்பின் அந்த முகாமில், அப்படியொரு ஆளையே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் வெள்ளத்திலிருந்து காத்த ஊர், தை பிறக்குமுன் ஷெல்லுக்குப் பயந்து இடம்பெயர்ந்தது. அந்த வீடுகளில் இப்போது யாரும் இல்லை. வெட்டிய அணையைக் காடு மூடிவிட்டது என்கிறார்கள்.

ராத்தா மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வருகிறார். கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டுவிட்டு, உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். போன மாதம் கேட்டார், “அந்தத் தாளில பேர் இருந்திருந்தா தம்பிய விட்டிருப்பாங்களா தங்கச்சி?”

அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். அந்தத் தாளைக் கீறினது நான்தான் என்று சொன்னால் அவர் இனி வரமாட்டார். உங்களைப் பற்றிக் கதைக்க எனக்கும் வேறு யாரும் இல்லை, நானா.