இடுகாட்டு வாசலில் பஸ் நிற்கும்

கிளேபாங், மலாக்கா.
1934, கார்த்திகை மாதம்.

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

தன் சமையலைத் தானே சாப்பிட்டும் இன்னும் உயிரோடிருக்கிற உம்முடைய கணவன் கணேசலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே விடாத மழை. சுன்னாகத்திலும் மழையாகத்தான் இருக்கும். நீரும் உம்முடைய தங்கை சரோஜினியும் அவளுடைய குழந்தையும் நனையாமல் சுகமாக இருக்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும்.

உம்முடைய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று பக்கம் முழுக்கச் சரோஜினி வீட்டுப் பசு கன்று போட்ட விசேஷம். என் விஷயம் கடைசி வரியில். கிளேபாங் வீட்டு வாசலில் பஸ் நிற்கிறதா, நின்றால் தை மாதக் கப்பலில் வருவேன், நிற்காவிட்டால் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர். கன்றின் நெற்றிச் சுட்டிக்கு ஒரு பந்தி கிடைத்திருக்கிறது. எனக்கு ஒரு வரி. இருக்கட்டும், உம்முடைய முழங்கால் நோவுக்குக் கேள்வி நியாயமானது. பதிலும் சொல்வேன். ஆனால் ஒரு காரியத்தை நேராகச் சொல்லத் தெரியாத மனிதன் நான் என்பது கல்யாணமான நாளிலிருந்து உமக்குத் தெரிந்ததுதானே.

இந்த வீட்டை எடுத்தது என் புத்திதான், ஒப்புக்கொள்கிறேன். டவுனில் பிச்சைமுத்துவின் தையற்கடைக்கு அடுத்த வீட்டில், தையல் மெஷினும் மீன்காரனும் மாறி மாறிப் போடும் சத்தத்தில் எனக்குப் பேப்பர் படிக்க முடியவில்லை என்று முறுக்கிக்கொண்டு வந்தேன். இங்கே வரிசை வீடு கட்டிய சீன முதலாளி, அந்தத் தவுக்கே, ஒரு பலகையில் படம் எழுதி வைத்திருந்தான். வெள்ளை வீடுகள், மூலையில் நாலு கடைகள், வாசலில் பஸ், பஸ்ஸிலிருந்து குடையோடு இறங்குகிற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு உம்முடைய சாடை. அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நீர் வந்து பார்த்தபோது வீடு இருந்தது, மற்றதெல்லாம் பலகையில் இருந்தது. நடந்துபோய் ஒரு வெங்காயம் வாங்க முடியாத இடத்தில் மனுசர் இருப்பார்களோ என்று கேட்டீர். இரண்டு மாதத்தில் சரோஜினியின் பிரசவம் என்று கப்பல் ஏறினீர். பிள்ளைக்குப் பல் முளைத்து அது இப்போது உம்மைக் கடிக்கிறதாம். நீர் திரும்பவில்லை.

நீர் போன பிறகுதான் பஸ் வந்தது. அதைத்தான் ஆடி மாதம் பெருமையாக எழுதினேன். தங்கா பத்துவிலிருந்து டவுனுக்குப் போகிற சின்ன பஸ். ஏழு பேர் ஏற வேண்டியதில் பன்னிரண்டு பேரும் இரண்டு சேவலும் இருக்கும். கையைக் காட்டிய இடத்தில் நிற்கும். கண்டக்டர் தங்கையா படியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். பின் வளவில் கீரை போடுகிற வேலாயி வாசலுக்கே வந்த பஸ்ஸில் கூடையை ஏற்றிப் பசாருக்குப் போய்வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, உம்முடைய கணவன் பேனாவைத் தொடும்வரை.

நடந்தது இதுதான். ஒரு காலை பஸ் வந்து நின்ற நேரம் நான் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கால் முடிந்தது, மறு காலில் முடிச்சு விழுந்துவிட்டது. தங்கையா எட்டிப் பார்த்து, “என்னா கிராணி, நீங்க கயிறு கட்டுற வரைக்கும் மத்தவங்க சோறு ஆக்கி சாப்பிட்டுட்டு வரலாமா?” என்று கேட்டான். பஸ்ஸுக்குள்ளே எல்லோரும் சிரித்தார்கள், சேவல் உட்பட. பிறகு மணியை அடித்தான், பஸ் போய்விட்டது. ஒற்றைச் சப்பாத்தோடு நான் வாசலில்.

கந்தோரில் பேனா பிடிக்கிற யாழ்ப்பாணத்துக் கிராணி அவமானப்பட்டால் என்ன செய்வான்? மனு எழுதுவான். அன்று இரவே வீதிச் சபையாருக்கு நல்ல இங்கிலீசில் எழுதினேன். பஸ் கண்ட இடத்தில் நிற்பது அநாகரிகம், முறையாக ஒரு தரிப்பிடம் வேண்டும், முழங்கால் நோவுள்ள பெண்கள் கௌரவமாக நின்று ஏறக்கூடியதாக இருக்கவேண்டும் என்று. எனக்கு மனதில் இருந்தது நம்முடைய வாசல் மாமரத்தடிதான். ஆனால் என் வீட்டு வாசல் என்று எழுதினால் சுயநலமாகத் தெரியுமே! ஆகவே இடத்தின் பேரைச் சொல்லாமல் இலட்சணங்களை மட்டும் வர்ணித்தேன். பெரிய மர நிழல் இருக்கவேண்டும், வெள்ளம் ஏறாத மேடாக இருக்கவேண்டும், கடைக்காரர் கூச்சல் கூடாது, கருவாட்டு மணம் கூடாது, அமைதி நிலவவேண்டும். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அப்படி ஒரு இங்கிலீஷ்.

சபையிலிருந்து ஒரு துரை என் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வீதி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சொன்ன இலட்சணம் ஒன்றுகூடக் குறையாத இடம் இந்த வீதியில் ஒன்றுதான் இருந்தது. சீனருடைய இடுகாடு. நிழலா, தூங்குமூஞ்சி மரமே இருக்கிறது. மேடா, குன்று. அமைதிக்குக் கேட்கவே வேண்டாம். அங்கே வெள்ளைக் கம்பம் ஒன்றை நட்டு, இனி கம்பத்தடியில் மட்டும் பஸ் நிற்கலாம், வேறெங்கும் நிறுத்தினால் அபராதம் என்று கட்டளையும் போட்டுவிட்டார்கள்.

சிரியாதேயும். நம் வாசலிலிருந்து அந்தக் கம்பத்துக்குப் போவதென்றால் நல்ல முழங்காலுக்கே நோவு வரும். வழியில் ஓரமாக நடக்க இடமில்லை, பெரிய லோங்காங் கால்வாய் ஓடுகிறது, அதற்கு மேலே ஒற்றைப் பலகை. போன கிழமை மழையில் அந்தப் பலகையில் வழுக்கிக் கழுத்துப்பட்டியோடு கால்வாயில் இறங்கினேன். சப்பாத்து ஒன்று கடலுக்குப் போய்விட்டது. எந்தச் சப்பாத்து என்று கேளும். அன்றைக்கு முடிச்சு விழுந்த அதே சப்பாத்து. பஸ்ஸோ நம் வாசலைத் தாண்டித்தான் போகிறது. தங்கையா படியில் நின்று எனக்குச் சலாம் வைத்துக்கொண்டே போகிறான்.

அயலில் என் பேர் கெட்டுவிட்டது. வேலாயி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் கம்பத்துக்கு நடக்கிறாள். ஒருநாள் நம் படலையில் நின்று, “ஐயா, கையைக் காட்டுனா நின்னுச்சு. நீங்க கடுதாசி எழுதுனீங்க, கம்பம் வந்துச்சு, பஸ்ஸு ஓடிப் போச்சு. இன்னொரு கடுதாசி எழுதிடாதீங்க சாமி, ரோட்டையே சுருட்டிக்கிட்டுப் போயிடுவான்லா” என்று கும்பிட்டாள். நான் கேட்டேனா? இன்னொன்று எழுதினேன். தங்களுடைய முதல் மனுவில் காட்டிய காரணங்கள் மறுக்கமுடியாதவையாக இருப்பதால் கம்பத்தை மாற்றுவதற்கு இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது. என்னை என் இங்கிலீசாலேயே அடித்துவிட்டார்கள்.

மூலையில் வருவதாயிருந்த நாலு கடைகளைப் பற்றி முன்னொரு கடிதத்தில் கேட்டிருந்தீர். ஒன்று திறந்துவிட்டது. சவப்பெட்டிக் கடை. நல்ல மனிதன், காலையில் நான் போகும்போது தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரிக்கிறான், அளவெடுக்கிறானோ என்று பயமாக இருக்கிறது. ஆக இந்த இடத்திலே பெட்டி நடக்கிற தூரத்தில், இடுகாட்டுக்கு பஸ் வசதி. வெங்காயத்துக்குத்தான் வழியில்லை.

இனி ஒரு சங்கதி. இதை எப்படி எழுதுவதென்று இரண்டு நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

டவுனில் பஸ் இறங்கினால் கந்தோருக்கு நேர்வழி உண்டு. நான் அந்த வழியாகப் போவதில்லை. பழைய வீட்டுத் தெருவால் சுற்றிக்கொண்டு போகிறேன். கடைகளுக்கு முன்னாலுள்ள அஞ்சடி நடையில் வழக்கம்போல நடக்க இடமில்லை, அரிசி மூட்டை ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், நடுவிலே பூ விற்கிற காளியம்மா. என்னைக் கண்டால் கால் நீட்டி மறித்துக்கொண்டு, “அம்மா எப்ப வர்றாங்க? நீங்கதான் ஏதோ சொல்லி அனுப்பிட்டீங்க” என்கிறாள். பிச்சைமுத்து மெஷினை நிறுத்திவிட்டு உம்முடைய முழங்காலை விசாரிக்கிறான். என்னுடைய முழங்காலை ஒருவரும் விசாரிப்பதில்லை. முன்பு நாம் கோவிலுக்குப் போகும்போது நீர் இவர்கள் ஒவ்வொருவரிடமும் நின்று கதைப்பீர். நான் பொறுமையில்லாமல் குடையையும் எடுத்துக்கொண்டு முன்னாலே போய்விடுவேன். நீர் வெயிலில் வந்து சேருவீர். இப்போது அதே இடங்களில் நான் நிற்கிறேன். கதைப்பதற்கு எனக்கு ஒன்றும் வருவதில்லை. உம்மைப் பற்றிக் கேட்கிறார்கள், அதற்காக நிற்கிறேன்.

கிளேபாங்கில் அமைதி இருக்கிறது, பாலாம்பிகை. நான் கேட்ட அமைதி முழுவதும் இருக்கிறது. பேப்பரை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறேன். படித்ததைச் சொல்ல ஆளில்லை. பல்லிக்குச் சொல்லிப் பார்த்தேன், நீர் செய்வதுபோலவே அதுவும் பாதியில் எழுந்து போய்விட்டது.

ஆகவே உம்முடைய கேள்விக்குப் பதில்: வாசலில் பஸ் நிற்காது. நான் உயிரோடிருந்து மனு எழுதுகிறவரை நிற்கவே நிற்காது.

ஆனால் பிச்சைமுத்துவின் கடைக்குப் பின்னால் இரண்டு அறை காலியாக இருந்தது. எடுத்துவிட்டேன். இந்த முறை படம் ஒன்றும் பார்க்கவில்லை. உம்முடைய முழங்காலை எனக்கு வைத்ததாக நினைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து பார்த்தேன். பசாருக்கு நோவு எடுக்கு முன்னே போய்விடலாம். கோவிலுக்கு நடுவில் ஒருதரம் உட்கார வேண்டும், அதற்குக் காளியம்மாவின் பூப்பெட்டி இருக்கிறது. மீன்காரன் இன்னும் கத்துகிறான். மெஷின் விடிய முன்னே தொடங்குகிறது. அறையில் புகை, சன்னல் ஒன்றுதான், அதுவும் தெருவைப் பார்த்தது. நீர் அதில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுக் கதைக்கலாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

வருகிற முதலாந் தேதி கட்டில், கதிரை, உம்முடைய அம்மி எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறேன். பஸ்ஸில் ஏற்றலாம், ஆனால் அம்மியைக் கம்பத்தடிவரை யார் சுமப்பது?

சரோஜினியிடம் நான் கேட்டதாகச் சொல்லும். குழந்தைக்கு என் ஆசீர்வாதம். கன்றுக்குட்டிக்கும். எல்லோரையும் பிள்ளையார் குறையில்லாமல் வைக்கட்டும், உம்மை மட்டும் கெதியாய்க் கப்பலில் ஏற்றிவிடட்டும்.

குடைக்குப் புதுத்துணி போட்டு வைத்திருக்கிறேன். நீர் யாரோடு எவ்வளவு நேரம் நின்று கதைத்தாலும், பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாரும்.

இப்படிக்கு,
ஒற்றைச் சப்பாத்தோடு காத்திருக்கும் உம்முடைய
கணேசலிங்கம்