மில் டீமுக்குக் கோச்சு

3-6-96, திங்கள்

காலையிலிருந்து சாரல். வேட்டி காயவில்லை. முட்டி வலி, வலது மட்டும். பால்காரனிடம் கேட்டேன்: "ஏனுங்க தம்பி, மாடும் மழையில நனைஞ்சுபோச்சுங்களா? பால் இப்படித் தண்ணியா இருக்குது." அவன் அளந்து ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

ராக்கியப்பன் வந்தான். அந்தக் காலத்தில் எங்கள் மில் டீமின் கோல் கீப்பர். இப்போது அதே மில்லில் கேட் வாட்ச்மேன். அன்றைக்குப் பந்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான், இன்றைக்கு லாரி. இதைச் சொன்னதும் காபியைக் கீழே வைத்துவிட்டான். அப்புறம் எடுத்துக் குடித்தான்.

சேதி: நின்றுபோன டீமை மில்லில் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். சின்ன முதலாளிக்குக் கால்பந்தில் பிரியம், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். கோச்சு தேடுகிறார்.

"உன்னையத்தான்டா கேக்கப் போறாங்க. இந்த ஊர்ல மஸ்கட்டுக் கோச்சு வேற ஆரு இருக்கறா?"

"எனக்கெதுக்குடா அதெல்லாம்."

அவன் போனதும் கண்ணாடி பார்த்தேன். சவரம் செய்தேன்.

5-6-96, புதன்

வெயில், நடுவில் சாரல். பீரோ மேலிருந்து பூட்ஸை இறக்கி எண்ணெய் போட்டேன். வீட்டுக்காரி சரசு பார்த்தும் பார்க்காதது போல.

என்னவெல்லாம் கேட்பார்களோ. படிப்பு ஆறாவது, அதுவும் பாதி. அன்னூரில் சோளக்காட்டில் வெறுங்காலில் ஆட்டம். பிறகு மில் டீமில் லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் ஓடுகிற ஆள். நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் பேருக்கு வேலை. ஷிப்டில் முகத்தைக் காட்டிவிட்டு மைதானம். முட்டி போனதும் முகத்தையும் காட்ட வேண்டாம் என்றார்கள். டீமில் இருந்த மலையாளத்துக்காரன் மஸ்கட்டுக்குக் கூப்பிட்டான். முதலில் பந்துக்குக் காற்றடிக்கிற வேலை. அப்புறம் பையன்களை ஓடவிடுகிற வேலை. அப்புறம் கோச்சு. இருபது வருஷம். "ஓடுங்க கண்ணு, ஓடுங்க" என்று நான் கத்திக் கத்தி, அரபிப் பையன்கள் என்னையே "கண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திருத்தவில்லை. நன்றாக இருந்தது.

ஒரு வெள்ளைக்காரன் சர்டிபிகேட்டோடு வந்து இறங்கினான். கண்ணுவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம்.

7-6-96, வெள்ளி

சின்ன முதலாளி வீட்டுக்கே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். சரசு மோர் கொடுத்தாள். நல்ல பையன். தொப்பைதான் அவருக்கு முன்னால் நுழைகிறது. சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஐயா, நம்ம டீமை நீங்க எடுத்து நடத்தறீங்களா?" சுற்றி வளைக்கவில்லை.

"நமக்கெதுக்குங்க தம்பி. வயசாச்சுங்க. முட்டி வேற. சின்னப் பசங்களாப் பாத்துப் போடுங்க."

அப்படித்தானே சொல்லவேண்டும்? கோயில் பொறுப்புக் கொடுத்தாலும் சரி, பொண்ணுக் கேட்டு வந்தாலும் சரி, முதல் தடவை வேண்டாம் என்பதுதான் முறை. அடுத்த தடவை "பாக்கலாமுங்க". மூன்றாவதுக்கு வெற்றிலையைத் தொடுவது. கேட்ட உடனே சரி என்றால் பரக்காவெட்டி என்பார்கள். என் அப்பன் விருந்துக்குப் போன இடத்தில் ரசத்துக்குக்கூட மூன்று தடவை கெஞ்சவைப்பான்.

அவர் தலையாட்டினார். "புரியுதுங்க ஐயா. உங்களைத் தொந்தரவு பண்ணலைங்க." மோரை முழுசாகக் குடித்தார். கும்பிட்டார். கிளம்பிவிட்டார்.

கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றேன்.

சரசு: "ஏனுங்க, ஒருக்காக் கேட்டதுமே செரின்னு சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிரும்?"

"இன்னும் ரெண்டு தடவை வருவாரு பாரு."

"அமெரிக்காவுல படிச்சவரு ஒருக்காத்தான் கேப்பாரு. நீங்க இருவது வருசம் சீமைல இருந்து என்னத்தைப் பழகுனீங்க?"

பழகினேன்தான். மஸ்கட்டில் கேட்டதும் சரி என்றவன்தான். அங்கே எவன் வெற்றிலை வைத்தான்? ஊருக்கு வந்ததும் ஊர் மாதிரி இருக்கலாம் என்று நினைத்தேன்.

10-6-96, திங்கள்

மழை இல்லை. கார் இல்லை. ஹாரன் கேட்டபோதெல்லாம் சட்டை மாட்டினேன். கேஸ் சிலிண்டர் வண்டி. கல்யாண வேன். சட்டையைக் கழற்றவே இல்லை.

ராக்கியப்பனிடம் ஜாடையாகச் சொல்லிவைத்தேன். பயல் கேட்டிலேயே காரை மறித்து, "அவருக்கு ஆசைதானுங்க" என்று போட்டு உடைத்துவிட்டான்.

சின்ன முதலாளி சொன்னாராம்: "வேண்டாமுங்க. முடியாதுன்னு பெரியவர் அவர் வாயாலயே சொல்லிட்டாரு. நாம மரியாதையைக் காப்பாத்தோணும்."

என் மரியாதையை அவர் காப்பாற்றுகிறார். நாசமாய்ப் போக.

13-6-96, வியாழன்

காற்று. ஓடு ஒன்று விழுந்தது. பாலக்காட்டிலிருந்து கோச்சு வந்துவிட்டானாம். முப்பது வயது. சர்டிபிகேட் உண்டு.

எனக்கும் ஒரு பதவி: ஞாயிற்றுக்கிழமை முதல் உதை உதைக்க வேண்டும். சிறப்பு விருந்தினர். இதற்கு மட்டும் ராக்கியப்பன் மூலமாக மூன்று தடவை கேட்டனுப்பினார்கள்.

16-6-96, ஞாயிறு

சம்பங்கி மாலை. ஈரம், கழுத்தெல்லாம் அரிப்பு. மைக்கில் என்னைப் பற்றிப் பத்து நிமிஷம். செத்தவனைப் பற்றிப் பேசுவது போலவே. உதைத்தேன். பந்து நேராகப் போனது. கைதட்டினார்கள். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

லெஃப்ட் அவுட் பையன் தலையே தூக்காமல் ஓடினான். சொல்லலாம் என்று பாதி எழுந்தேன். அதற்குள் புதுக் கோச்சு கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். நான் என்ன சொல்லியிருப்பேனோ அதையே. தப்பாகச் சொல்லியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

ராக்கியப்பன் காதில்: "மாலையைக் கழட்டுடா, படத்துக்குப் போட்ட மாதிரி இருக்குது." எனக்கு வரவேண்டிய கிண்டல் அது. அவனுக்கு வந்துவிட்டது.

18-6-96, செவ்வாய்

சாரல் விட்டது. நடைக்கு என்று சொல்லிவிட்டு மைதானம். கோச்சுப் பையன் ஓடிவந்தான்.

"ஐயா, சுண்ணாம்புக் கோடு போடற ஆள் வரலை. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும்..."

"செரிங்க" என்றேன். அவன் கேட்டு முடிக்கவில்லை. வாளியைத் தூக்கிவிட்டேன்.

"ஐயோ, நீங்க வேண்டாம் ஐயா."

அவன் இன்னொரு தடவை சொல்வதற்குள் கார்னரில் குனிந்திருந்தேன்.

இடது ஓரக் கோடு முடிந்தது. கோலுக்கு முன்னால் இருக்கிற பாக்ஸ் நாளைக்கு. வேட்டியெல்லாம் சுண்ணாம்பு. சரசு அதை வாங்கி ஊறப்போட்டாள். ஏதாவது சொல்லுவாள் என்று சமையற்கட்டில் ரொம்ப நேரம் நின்றேன். நாளைக்குக் கட்டிக்கொள்ள ஒரு பழைய வேட்டியை எடுத்து வைத்தாள்.