பச்சைக் கண்ணாடியில் விழுந்த முகம்

கர்க்கடகம் 8, வியாழன்
விடியலிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. நாத்தனார் கோமளம் அக்கா கிழக்கேகோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து, பெட்டியோடு வந்து இறங்கினாள். கண்ணில் அழுத்தமாம். பார்வை சீக்கிரம் முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் சுவரில் மாட்ட ஒரு படம் எடுத்து, தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டுமாம். என் பேத்தி ஸ்ருதி ஃபிலிம் கேமராவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கிறாளே, அதற்குத்தான் வருகை.

வந்ததும், "போட்டோ, காப்பி கொண்டா."

இத்தனை வயதிலும் நான் போட்டோதான். பெண் பார்க்க அனுப்பிய படத்தில் ஸ்டூடியோக்காரன் நெகட்டிவில் பென்சில் தீட்டி என்னை வெளுப்பாக்கியிருந்தான். கல்யாணப் பந்தலில் அதை என் கன்னத்தோடு வைத்துக் காட்டினாள் இவள். "எஜமானி படத்தை அனுப்பிட்டு வேலைக்காரியை அனுப்பிச்சிருக்கா." யார் யார் சிரித்தார்கள் என்று இப்போதும் சொல்வேன். பாதிப் பேர் செத்தாச்சு.

9, வெள்ளி
மழை. தயிர் புளிப்பு. போனில் கலர் கலராக வருகிறதே, இது எதற்கு என்று ஸ்ருதியைக் கேட்டேன்.

"கலர் போனாத்தான் பாட்டி முகத்தைப் பார்ப்போம். அமுக்கினதும் தெரியாது. கழுவற வரைக்கும் நெஞ்சு அடிச்சுண்டே இருக்கும். அதாக்கும் இதில் ரசம்."

கேமரா முன்னால் மாட்டும் கண்ணாடிகளைக் காட்டினாள். சிவப்பு: முகம் வெளுக்கும், புள்ளி மறையும். பச்சை: முகம் கறுக்கும், ஒரு சுருக்கத்தையும் விடாது.

எனக்கும் கறுப்பு வெள்ளை பிடித்துவிட்டது.

"அத்தைப்பாட்டிக்குப் பச்சை போடு. சுருக்கம் தெரிஞ்சாத்தானேடி அழகு."

"அடிபொளி பாட்டி, பிரமாதம்!"

10, சனி
படம் எடுத்தாச்சு. அக்கா: பட்டுப் புடவை, வைரத் தோடு, அரை டப்பா பவுடர். "எங்காத்து நிறம் அப்படியே விழணும்டி குழந்தை."

13, செவ்வாய்
ஸ்ருதி கல்லூரி இருட்டறையில் பெரிது பண்ணிக் கொண்டுவந்தாள். அக்கா விளக்கடியில், மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். கரி முகம். கன்னம் முழுக்கப் புள்ளி. வாய், கயிறு இழுத்த சுருக்குப்பை.

"யாருடி இது?"

"நீங்கதான் அக்கா."

"நான் இல்லை."

"கேமராவுக்கு உங்க மேல என்ன கோபம்?"

அழுதாள். சாப்பிடவில்லை. நான் இன்னொரு கரண்டி ரசம் விட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் கிட்டே வந்தாள். "ருக்மிணி, இன்னொண்ணு எடுக்கச் சொல்லேன். இதைப் பார்த்துட்டா நான் இருட்டுக்குள்ளே போகணும்?"

என் பெயர் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

14, புதன்
வெயில். கேமராவில் இப்போது கிடப்பது வேறு சுருள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ருதி கல்லாற்றுக்குப் போய்ப் பாறைகளை எடுத்ததிலேயே அநேகமாகத் தீர்ந்தாச்சு, பாக்கி ஒரே படம். புதுச் சுருள் வர நாளாகும். அக்காவின் கண் அதுவரை நிற்காது.

ஸ்ருதி சிவப்புக் கண்ணாடி மாட்டினாள். அக்காவை ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தாள். "அத்தைப்பாட்டி, அனங்காமே, அசையாமே இருக்கணும்." அப்போது அவளுக்குப் போன். "பாட்டி, இதை அமுக்கினாப் போறும்" என்று என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

கேமராவைக் கொல்லைப் பலாமரத்துக்குத் திருப்பி அமுக்கினேன். நல்ல சத்தம்.

தலையைத் திருப்பாமலே கேட்டாள், "நன்னா வந்திருக்குமா ருக்மிணி?"

"ஜோரா வந்திருக்கும் அக்கா."